ஸ்டார்ட்டர் பிளகினை ஏற்றினேன், பட்டியலில் தலையே காட்டவில்லை

புதுக்கை எழுதியது:

வணக்கம். வேர்ட்பிரஸில் தீம் மாற்றுவது, சிஎஸ்எஸ் திருத்துவது வரை எனக்கு வரும். தளத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் பிளகினை நானே எழுதுவது இதுதான் முதல் முறை. தேவை சின்னதுதான், ஒவ்வொரு பதிவுக்கும் அடியில் "கடைசியாகத் திருத்தியது" என்று தேதியோடு ஒரு வரி வர வேண்டும். தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைலில் போட்டால் அடுத்த தீம் அப்டேட்டில் காணாமல் போய்விடும், பிளகினாகச் செய் என்று எங்கே தேடினாலும் சொல்கிறார்கள். சரி, முறையாகவே தொடங்கலாம் என்று கிட்ஹப்பில் இருந்து வேர்ட்பிரஸ் பிளகின் பாய்லர்பிளேட்டை, அதாவது பிளகின் எழுதத் தொடங்க ஆயத்தமாக வரும் எலும்புக்கூட்டை, ஜிப்பாக இறக்கினேன்.

அந்த ஜிப்பை அப்படியே அட்மின் பக்கத்தில் அப்லோட் செய்தால், சரியான பிளகின் எதுவும் இதில் இல்லை, நிறுவ முடியவில்லை என்கிறது. பிரித்து எஃப்டிபி வழியாக (சர்வருக்கு நேராக ஃபைல் அனுப்பும் முறை) பிளகின்ஸ் ஃபோல்டரில் வைத்தால் பிழை எதுவும் வரவில்லை, ஆனால் பட்டியலிலும் வரவில்லை. அப்புறம் உள்ளே இருந்த "பிளகின்-நேம்" ஃபோல்டரை மட்டும் வெளியே எடுத்து வைத்தேன், வந்தது. சந்தோஷமாக எடிட்டரில் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டு, "பிளகின் நேம்" என்று வந்த இடத்திலெல்லாம் என் பிளகினின் பெயரை மாற்றி, மறுபடியும் ஏற்றினேன். திரும்பவும் பட்டியலில் இல்லை!

என்ன நடக்கிறது என்று யாராவது சொல்லுங்கள். இன்னொன்று, அட்மின், பப்ளிக், இன்க்ளூட்ஸ், லாங்குவேஜஸ் என்று இத்தனை ஃபோல்டர்கள் இருக்கின்றனவே, என்னுடைய ஒரு வரிக்கு இவ்வளவும் வேண்டுமா? என் வரியை எந்த ஃபைலில் எழுதுவது என்பதே புரியவில்லை.

அரைப்புள்ளி எழுதியது:

நீங்கள் பார்த்த மூன்றுக்கும் காரணம் வேர்ட்பிரஸ் பிளகினைத் தேடும் விதம்தான். அது புரிந்துவிட்டால் போதும்.

வேர்ட்பிரஸ் பிளகின்ஸ் ஃபோல்டரில் நேரடியாக இருக்கும் பிஎச்பி ஃபைல்களையும், அதற்குள் ஒரே ஒரு படி இறங்கி அங்கே இருக்கும் பிஎச்பி ஃபைல்களையும் பார்க்கும். அதற்குக் கீழே போகாது. நீங்கள் இறக்கிய ஜிப்பைத் திறந்தால் வெளியே ஒரு ஃபோல்டர், அதற்குள் பிளகின்-நேம் ஃபோல்டர், அதற்குள்தான் மெயின் ஃபைல். அப்படியே பிரித்து வைத்தால் இரண்டு படி ஆழத்தில் கிடக்கும், வேர்ட்பிரஸ் கண்ணில் படாது. பிழைச் செய்தி வராததற்கும் இதுதான் காரணம், அது தேடவே இல்லையே. ஜிப் அப்லோட் செய்யும்போதும் அதே கதைதான், மேல் ஃபோல்டரில் பிஎச்பி ஃபைல் எதுவும் இல்லாததால் பிளகின் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. உள் ஃபோல்டரை மட்டும் தனியாக ஜிப் செய்து ஏற்றினால் நிறுவிக்கொள்ளும்.

அடுத்தது, கிடைத்த பிஎச்பி ஃபைல் ஒவ்வொன்றின் முதல் 8 கேபியை மட்டும் வாசித்து, அங்கே உள்ள கமெண்டில் (பிஎச்பி ஓட்டாமல் விடும் குறிப்பு) "பிளகின் நேம்" என்று தொடங்கி முக்காற்புள்ளி வைத்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அது பிளகின், இல்லையென்றால் வெறும் ஃபைல். ஹெடர் எனப்படும் அந்த கமெண்டில் வெர்ஷன், ஆத்தர், லைசென்ஸ், டெக்ஸ்ட் டொமைன் என்று எத்தனையோ வரிகள் இருக்கலாம், கட்டாயமானது இந்த ஒன்று மட்டும்தான். நீங்கள் ரீப்ளேஸ் போட்டபோது அதையும் சேர்த்து மாற்றிவிட்டீர்கள். இப்போது மெயின் ஃபைலைத் திறந்து பாருங்கள், முக்காற்புள்ளிக்கு இடப்பக்கமும் உங்கள் பிளகினின் பெயர்தான் இருக்கும். இடப்பக்கத்தைப் பழையபடி ஆக்கிவிட்டால் பட்டியலுக்கு வந்துவிடும். மாற்ற வேண்டியது வலப்பக்கம் மட்டும்.

பெயர் மாற்றும்போது இடைவெளி விட்டு எழுதிய வடிவத்தைத் தொடவே வேண்டாம். மாற்ற வேண்டிய வடிவங்கள் வேறு: நடுவில் ஹைஃபன் போட்ட சின்ன எழுத்து, அண்டர்ஸ்கோர் போட்ட சின்ன எழுத்து, அண்டர்ஸ்கோர் போட்டு முதல் எழுத்து மட்டும் பெரிதாக உள்ளது, வெர்ஷன் கான்ஸ்டன்டில் வரும் முழுப் பெரிய எழுத்து. எடிட்டரில் மேட்ச் கேஸை ஆன் செய்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். இவ்வளவு செய்தாலும் ஃபைலுக்குள் இருப்பதுதான் மாறும், ஃபைல்களின் பெயர் மாறாது. அவற்றைக் கையால் மாற்ற வேண்டும். மெயின் ஃபைல் "இன்க்ளூட்ஸ்" ஃபோல்டரில் இருந்து புதுப் பெயரில் ஒரு ஃபைலைக் கேட்கும், அங்கே பழைய பெயரில் இருக்கும், ஃபேட்டல் எரர் வந்து நிற்கும். விண்டோஸில் வைத்து சோதித்தால் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் தெரியாமல் ஓடிவிடும், லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் படுத்துவிடும். ஃபைல் பெயர் எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கட்டும்.

கொக்கி எழுதியது:

அரைப்புள்ளி சொன்னது எல்லாம் சரி. ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வேண்டாம். அந்த ஃபோல்டர்களில் ஒன்றுகூட உங்களுக்கு வேண்டாம்.

பாய்லர்பிளேட்டை எடுத்தவர்கள் பாதிப் பேர் நீங்கள் நிற்கும் இடத்தில்தான் நிற்பார்கள், "என் வரியை எங்கே எழுதுவது?" பதில் என்ன தெரியுமா? பப்ளிக் ஃபோல்டரில் உள்ள கிளாஸில் ஒரு மெத்தட் எழுதி, இன்க்ளூட்ஸில் உள்ள முக்கிய கிளாஸில் "டிஃபைன் பப்ளிக் ஹூக்ஸ்" என்ற இடத்துக்குப் போய் லோடரிடம் அதை ஒப்படைக்க வேண்டும், லோடர் எல்லாவற்றையும் ஒரு அரேயில் சேர்த்து வைத்து, கடைசியில் ரன் என்று கூப்பிடும்போது வேர்ட்பிரஸிடம் பதிவு செய்யும். ஒரு ஃபில்டர், அதாவது உரையைக் காட்டும் முன் மாற்றித் தரும் ஃபங்ஷன், மாட்ட மூன்று ஃபைல். பக்கத்து வீட்டுக்குப் போக டிராவல் ஏஜென்ட்டைப் பிடிப்பது மாதிரி.

அதைவிட மோசம் இது: அந்த பப்ளிக் கிளாஸ் ஒரு சிஎஸ்எஸ் ஃபைலையும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலையும் உங்கள் தளத்தின் எல்லாப் பக்கங்களிலும் ஏற்றும். இரண்டிலும் கமெண்டைத் தவிர உருப்படியாக ஒன்றும் இருக்காது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஜேக்வெரி என்ற நூலகம் தேவை என்று வேறு எழுதி வைத்திருப்பதால், உங்கள் தீம் ஜேக்வெரி இல்லாமல் ஓடினாலும் இந்த வெற்று ஃபைலுக்காக அதுவும் வந்து உட்காரும். ஆக்டிவேட் செய்த நாளில் இருந்து ஒரு வேலையும் செய்யாத பிளகின் பக்கத்தைக் கனமாக்கிக்கொண்டிருக்கும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

உங்கள் தேவைக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் அதே பெயரில் ஒரு பிஎச்பி ஃபைல், அவ்வளவுதான். போனில் இருந்து எழுதுகிறேன், கோடை அப்படியே போட முடியாது, என்ன எழுத வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். மேலே பிஎச்பி தொடக்கக் குறி, அடுத்து ஹெடர் கமெண்ட், அதில் பிளகின் நேம் வரியும் வெர்ஷன் வரியும். கீழே "ஏபிஎஸ்பாத்" டிஃபைன் ஆகவில்லையென்றால் எக்ஸிட் என்று ஒரு வரி, யாராவது அந்த ஃபைலின் முகவரியை நேராக பிரவுசரில் அடித்தால் ஓடாமல் இருக்க. அதற்கு அடுத்து "ஆட் ஃபில்டர்", "தி கன்டென்ட்" என்ற ஹூக்கில் (வேர்ட்பிரஸ் நம் ஃபங்ஷனைக் கூப்பிடும் இடம்) உங்கள் ஃபங்ஷனை மாட்டுங்கள். ஃபங்ஷன் கன்டென்டை வாங்கும், "கெட் தி மாடிஃபைடு டேட்" மூலம் தேதியை எடுக்கும், "எஸ்கேப் எச்டிஎம்எல்" வழியாக அனுப்பி ஒரு பத்தியில் வைத்து கன்டென்டின் வாலில் ஒட்டும், பிறகு ரிட்டர்ன் செய்யும்.

ரிட்டர்ன். எக்கோ, அதாவது நேராகப் பக்கத்தில் அச்சிடுவது, இல்லை. ஃபில்டரில் எக்கோ செய்துவிட்டு ரிட்டர்ன் செய்ய மறந்தால் உங்கள் வரி மட்டும் பக்கத்தில் நிற்கும், பதிவு முழுவதும் காணாமல் போயிருக்கும். டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கும், பயப்பட வேண்டாம், ஆனால் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும்.

ஃபங்ஷனுக்கு முன்னால் உங்களுக்கே உரிய ஒரு முன்னொட்டு வையுங்கள். "ஷோ டேட்" மாதிரி பொதுப்பெயர் வைத்தால் அதே பெயரில் வேறொரு பிளகின் இருக்கும்போது, மறுபடி அறிவிக்க முடியாது என்று பிஎச்பி மொத்தத் தளத்தையும் நிறுத்திவிடும்.

மூலக்கோப்பு எழுதியது:

கொக்கியோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். மீதிக் கால்வாசிக்குத்தான் இந்தப் பதில்.

இந்த பாய்லர்பிளேட் 2011-இல் டாம் மெக்ஃபார்லின் தொடங்கியது, 2015 மார்ச்சில் டெவின் வின்சன் கைக்கு மாறியது. பதிவைத் துண்டு துண்டாக அடுக்கி எழுதும் பிளாக் எடிட்டர் வேர்ட்பிரஸுக்குள் வந்ததே 2018 டிசம்பரில், 5.0 பதிப்பில்தான். ஆக, இதன் வடிவம் அதற்கு முந்தைய காலத்துத் தேவைக்காக வார்த்தது. அட்மினில் ஒரு செட்டிங்ஸ் பக்கம், வெளியே கொஞ்சம் காட்சி, மொழிபெயர்ப்பு, நிறுவும்போதும் நீக்கும்போதும் சில வேலைகள் என்று எல்லாம் உள்ள பிளகினுக்கு இந்தப் பிரிவினை இன்றும் ஒத்து வரும். பிளாக் எழுத வேண்டும் என்றால் இதைத் தொடவே வேண்டாம், வேர்ட்பிரஸ் தரும் "கிரியேட் பிளாக்" என்ற கருவி நோட்.ஜேஎஸ் வழியாக முழு எலும்புக்கூட்டையும் கட்டிக்கொடுக்கும். சர்வரில் டபிள்யூபி-சிஎல்ஐ (கட்டளை தட்டி வேர்ட்பிரஸை இயக்கும் கருவி) இருந்தால் "ஸ்காஃபோல்ட் பிளகின்" கட்டளை போதும். அது பெயரைக் கேட்டு வாங்கி ஹெடரையும் ரீட்மீயையும் தானே நிரப்பிவிடும், டெஸ்ட் எழுத வேண்டிய ஃபோல்டரையும் சேர்த்தே தரும். அரைப்புள்ளி சொன்ன பெயர் மாற்றும் கூத்து இதில் கிடையாது.

ஒற்றை ஃபைலில் தொடங்குங்கள், ஆனால் பாய்லர்பிளேட்டைத் தூக்கி எறியாமல் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். அதில் ஆக்டிவேட்டர், டீஆக்டிவேட்டர், அன்இன்ஸ்டால் என்று மூன்று தனித்தனியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, புதிதாக எழுதுபவர்கள் குழம்புவதும் அங்கேதான். டீஆக்டிவேட் செய்வது என்பது தற்காலிகமாக நிறுத்துவது. பிளகின்களில் எது தகராறு செய்கிறது என்று பார்க்க எல்லாவற்றையும் நிறுத்தி ஒவ்வொன்றாக ஆன் செய்வதை நாம் எல்லோரும் செய்கிறோம், அப்போது செட்டிங்ஸ் எல்லாம் அழிந்துபோனால் யாருக்குக் கோபம் வராது? டேட்டாவைத் துடைப்பது அன்இன்ஸ்டால் ஃபைலின் வேலை, அதுவும் முதல் வரியில் "டபிள்யூபி அன்இன்ஸ்டால் பிளகின்" என்ற கான்ஸ்டன்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.

ஆக்டிவேஷன் ஹூக்கில் இரண்டு விஷயம். ஒன்று, அதற்குக் கொடுக்கும் ஃபைல் பாதை மெயின் ஃபைலுடையதாக இருக்க வேண்டும், அதைப் பதிவு செய்யும் வரியும் மெயின் ஃபைலில் வெளிப்படையாக இருக்க வேண்டும். "இனிட்" மாதிரி வேறொரு ஹூக்குக்குள் ஒளித்து வைத்தால் ஆக்டிவேட் செய்யும் நேரத்தில் அந்த ஹூக் ஏற்கெனவே ஓடி முடிந்திருக்கும், உங்கள் ஃபங்ஷனை யாரும் கூப்பிட மாட்டார்கள், பிழையும் வராது. இரண்டு, பிளகினை அப்டேட் செய்யும்போது இந்த ஹூக் ஓடாது. புதுப் பதிப்பில் டேட்டாபேஸின் ஒரு டேபிளில் புது நெடுவரிசை சேர்க்க வேண்டும் என்றால் டேட்டாபேஸ் வெர்ஷனை ஒரு ஆப்ஷனாகச் சேமித்து வைத்து, தொடக்கத்தில் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். இது தெரியாமல் ஆக்டிவேட்டரில் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, எனக்கு ஓடுகிறது பயனருக்கு ஓடவில்லை என்று தேடுபவர்கள் நிறைய.

மொழிபெயர்ப்பு சேர்த்தால் ஒன்றைக் கவனியுங்கள். 6.7 பதிப்பில் இருந்து, மொழி ஃபைலை அளவுக்கு மீறிச் சீக்கிரம் ஏற்ற முயன்றால், பிழைகளைப் பதியும் டீபக் லாகில் ஒரு நோட்டீஸ் வந்து விழும். மெயின் ஃபைலில் நேரடியாக மொழிபெயர்ப்பு ஃபங்ஷனைக் கூப்பிடாமல், "இனிட்" ஹூக்குக்குப் பிறகு கூப்பிட்டால் வராது.

புதுக்கை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஹெடர் வரியைத் திருத்தியதும் பாய்லர்பிளேட் பட்டியலில் வந்துவிட்டது, அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக அழித்தேன். கொக்கி சொன்னபடி ஒற்றை ஃபைலில் எழுதிவிட்டேன், வரி வருகிறது!

ஆனால் இரண்டு இடக்கு. ஆக்டிவேட் செய்யும்போது பிளகின் எதிர்பாராத விதமாக 3 கேரக்டர் அவுட்புட் தந்தது என்று ஒரு எச்சரிக்கை. நான் எக்கோ எங்கேயும் எழுதவில்லை, ஃபைலை எத்தனை தடவை பார்த்தாலும் அந்த மூன்று எழுத்து எது என்று தெரியவில்லை. இன்னொன்று, முகப்புப் பக்கத்தில் பதிவுகளின் சுருக்கம் வரும் இடத்திலும், சின்னதாக எழுதிய பதிவுகளில், அந்தத் தேதி வரி ஒட்டிக்கொண்டு வருகிறது. பதிவைத் திறந்தால் மட்டும்தான் வர வேண்டும்.

அரைப்புள்ளி எழுதியது:

3 என்று வந்தால் பெரும்பாலும் பாம். யூடிஎஃப்-8 ஃபைலின் தலையில் சில எடிட்டர்கள் வைத்துவிடும் பைட் ஆர்டர் மார்க், சரியாக 3 பைட். கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் நீங்கள் எத்தனை தடவை பார்த்தும் அகப்படவில்லை. பிஎச்பி தொடக்கக் குறிக்கு முன்னால் இருப்பது எதுவானாலும் அது பிரவுசருக்குப் போகவேண்டிய எழுத்து என்றுதான் பிஎச்பி எடுத்துக்கொள்ளும். எடிட்டரில் என்கோடிங் என்ற இடத்தில் "யூடிஎஃப்-8 வித்அவுட் பாம்" என்று மாற்றிச் சேமியுங்கள். இந்த எச்சரிக்கையைச் சும்மா விட்டால் ஒருநாள், பிரவுசருக்கான ஹெடர்கள் (பிளகின் ஹெடர் அல்ல) ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன என்று லாகின் பக்கமே மக்கர் செய்யும்.

எண்ணிக்கை 1 அல்லது 2 என்று வந்திருந்தால் ஃபைலின் முதலிலோ கடைசியிலோ உள்ள வெற்று வரியைச் சந்தேகப்படலாம். அதனால்தான் பிஎச்பி மட்டுமே உள்ள ஃபைலில் முடிவுக் குறியைப் போடாமல் விடுவது வழக்கம்.

கொக்கி எழுதியது:

சுருக்கம் விஷயத்துக்கு நான் சொல்கிறேன். பதிவுக்கு நீங்களே சுருக்கம் எழுதாவிட்டால் வேர்ட்பிரஸ் முழுப் பதிவையும் எடுத்து, தி கன்டென்ட் ஃபில்டர்களை எல்லாம் ஓட்டி, பிறகு எச்டிஎம்எல்லை உருவிவிட்டு முதல் 55 சொற்களை வெட்டித் தரும். பதிவு நீளமாக இருந்தால் வாலில் ஒட்டிய உங்கள் வரி வெட்டில் போய்விடும், குட்டிப் பதிவில் மாட்டிக்கொள்ளும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

ஃபங்ஷனின் முதல் வேலையாக மூன்று கேள்வி கேளுங்கள்: "இஸ் சிங்குலர்" என்று கேட்டு அடைப்புக்குறியில் போஸ்ட் என்று கொடுங்கள், அடுத்து "இன் தி லூப்", அடுத்து "இஸ் மெயின் குவெரி". மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வாங்கிய கன்டென்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்பிக் கொடுங்கள், வெறுமனே ரிட்டர்ன் என்று எழுதினால் முகப்பில் சுருக்கம் எல்லாம் காலியாகிவிடும். வெளியான தேதியும் திருத்திய தேதியும் ஒன்றாக இருந்தாலும் வரியைக் காட்டாமல் விட்டுவிடலாம், இன்று எழுதிய பதிவுக்கு அடியில் இன்றே திருத்தியது என்று வருவதில் யாருக்கு என்ன லாபம்?

அப்புறம் சோதிக்கும்போது டபிள்யூபி கான்ஃபிக் ஃபைலில் டீபக்கையும் டீபக் லாகையும் ட்ரூ ஆக்கி, டீபக் டிஸ்பிளேயை ஃபால்ஸ் ஆக்கி வையுங்கள். பிழை எல்லாம் டபிள்யூபி கன்டென்ட் ஃபோல்டரில் உள்ள லாக் ஃபைலுக்குப் போகும், தளத்துக்கு வருபவர்கள் கண்ணில் படாது. தளம் மொத்தமாக வெறும் வெள்ளைப் பக்கமாகிவிட்டால் எஃப்டிபியில் போய் பிளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள், அது தானாக நின்றுவிடும்.

நள்ளிரவு எழுதியது:

யாரும் சொல்லாத ஒன்று. உங்கள் ஃபோல்டருக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? "லாஸ்ட் அப்டேட்டட்" மாதிரி எல்லோருக்கும் தோன்றும் பெயராக இருந்தால், அதே பெயரில் வேர்ட்பிரஸின் பொது பிளகின் டைரக்டரியில் ஏற்கெனவே வேறொருவரின் பிளகின் இருக்கலாம். வேர்ட்பிரஸ் அப்டேட் தேடும்போது உங்களுடையதை அதுவென்று நினைத்து, புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று காட்டும். ஆட்டோ அப்டேட் ஆன் ஆகியிருந்தால் கேட்காமலே உங்கள் கோடை அழித்துவிட்டு அதை வைத்துவிடும்.

5.8 பதிப்பில் இருந்து ஹெடரில் "அப்டேட் யூஆர்ஐ" என்று ஒரு வரி சேர்க்கலாம், உங்கள் தள முகவரியையோ ஃபால்ஸ் என்றோ கொடுத்தால் டைரக்டரியில் இருக்கும் பிளகினோடு குழப்பிக்கொள்ளாது. சொந்தத் தளத்துக்கு மட்டும் எழுதும் எந்த பிளகினிலும் முதல் நாளே இதைப் போட்டுவிடுவேன். ஃபோல்டர் பெயருக்கும் கொக்கி சொன்ன முன்னொட்டையே வையுங்கள்.

புதுக்கை எழுதியது:

பாம்தான்! என்கோடிங் மாற்றியதும் எச்சரிக்கை போய்விட்டது. முகப்பும் சுத்தமாகிவிட்டது. ஃபோல்டர் பெயர் பற்றிப் படித்ததும் போய்ப் பார்த்தேன், அப்டேட் இருக்கிறது என்று பட்டியலில் ஏற்கெனவே காட்டிக்கொண்டிருந்தது, நல்லவேளை அமுக்கவில்லை. பெயரை மாற்றி அப்டேட் யூஆர்ஐ வரியையும் சேர்த்துவிட்டேன். ஃபோல்டர் பெயர் மாறியதால் பிளகின் நின்றுபோய்விட்டது, மறுபடியும் ஆக்டிவேட் செய்ய வேண்டியிருந்தது, வேறு சேதம் இல்லை.

இனி இந்த வரியை மேலேயா கீழேயா காட்டுவது என்று தேர்ந்தெடுக்க அட்மினில் ஒரு செட்டிங் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு மூலக்கோப்பு சொன்ன ஸ்காஃபோல்ட் வழியில் போகவா, இல்லை இதே ஃபைலில் தொடரவா?

மூலக்கோப்பு எழுதியது:

இதே ஃபைலிலேயே தொடருங்கள். "ரிஜிஸ்டர் செட்டிங்" போட்டு, சானிடைஸ் செய்யும் ஃபங்ஷனில் மேலே, கீழே என்ற இரண்டு மதிப்புகளைத் தவிர வேறு எது வந்தாலும் கீழே என்று வைத்துவிடுங்கள். தனிப் பக்கம்கூட வேண்டாம், ஏற்கெனவே உள்ள ரீடிங் செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு ஃபீல்டாகச் சேர்க்கலாம். அப்படிச் செய்தால் நான்ஸ் சரிபார்ப்பையும் (படிவம் உங்கள் அட்மின் பக்கத்தில் இருந்துதான் வந்ததா என்று பார்ப்பது) சேமிப்பதையும் வேர்ட்பிரஸே பார்த்துக்கொள்ளும். ஆப்ஷன் ஒன்று வந்துவிட்டதால் அன்இன்ஸ்டால் ஃபைல் இப்போது தேவை, அதில் அந்த ஆப்ஷனை நீக்கும் ஒரு வரி. ஃபோல்டரில் இரண்டு ஃபைல் ஆகும், அது போதும்.